ஆடியும் அருளும்

ஆடி வலத்தை இடமாக மாற்றும் என்பர். ஆராயின் அஃது அவ்வாறன்று. கிழக்கு நோக்கி ஆடிமுன் நிற்பான் ஒருவனது வலக்கை தென்பால் உளது. நிழலின்கண் அக்கையும் தென்பாலே தோன்றும். மாறியது முன்பின் ஒன்றே. அந்நிழலைத் தன்னெதிர் திரும்பி நின்ற பிறனொருவனாகக் கருதுதலான், அக்கையை இடக்கை என்கின்றான். ஆகவே பிறழ்ச்சி ஆடியினதன்று, காண்பான் கருத்தினதேயாம் என்க.

திரோதான சத்தியை மலங்களுள் ஒன்றாக எண்ணுதலும் இத்தன்மைத்தே. அஃது உண்மையில் இறைவன் அருளே. மலம் பரிபாகமுறுதற்பொருட்டு அதனோடு உடனின்று செலுத்தலான், உபசாரத்தால் மலமெனப்பட்டது. சேக்காட்டிற்கு அணித்தாய வடதிருமுல்லைவாயிலில் நந்திதேவர் இறைவர்க்குப் புறங்காட்டி இருத்தல் கண்டு மயங்குவாரும் உளர். தொண்டைமானுக்குத் துணைசெல்ல எழுந்த கோலம் அதுவென்பது தலவரலாறு.

துன்பம் வந்துழி இறைவன் முகந்திருப்பினான் என்று நொந்துரைப்பார், அருளைப் பழித்தற்குமுன் தம் கருத்தை ஆராய்வாராக.