நாற்பது சீட்டும் நால்வர் மேசையும்

சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். பணயம் வைத்துக் குடும்பங்களைக் குலைத்த ஆட்டங்களை நாம் அறிவோம். ஆகவே அந்தச் சுளிப்பில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் ஆட்டத்தில் பணயமும் இல்லை. ஒருவரையொருவர் வீழ்த்தும் போட்டியும் இல்லை. மேசையைச் சுற்றி அமர்வோர் அனைவரும் ஓர் அணி. வெற்றியும் பொது, தோல்வியும் பொது. கூடி வாழ்தல் என்றால் என்ன என்னும் பழைய வினாவை இந்த ஆட்டம் நம் முன் புதிதாக எழுப்பியது. அதனாலேயே அதைப் பற்றிச் சிந்திக்கத் துணிந்தோம்.

அமெரிக்காவின் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட 'மார்வெல் சாம்பியன்ஸ்' என்பதே அந்த ஆட்டம். ஒருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். சித்திரக்கதைகளில் வரும் ஸ்பைடர்மேன், அயன்மேன், பிளாக் பாந்தர், கேப்டன் மார்வெல் போன்ற வீரர்களுள் ஒருவரை ஒவ்வொருவரும் ஏற்கின்றனர். எதிரியை இயக்க மனிதர் எவரும் வேண்டியதில்லை. அவனுக்கென அமைந்த சீட்டுக்கட்டே அவனை இயக்குகிறது. அவனை வீழ்த்தினால் வெற்றி. அவனுடைய சூழ்ச்சி முதிர்ந்துவிட்டாலோ, வீரர் அனைவரும் வீழ்ந்துவிட்டாலோ தோல்வி.

ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தத்தம் சீட்டுக்கட்டை அமைத்துக்கொள்ள வேண்டும். 40 சீட்டுகளுக்குக் குறையாமலும் 50க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. அவற்றுள் 15 சீட்டுகள் அந்த வீரருக்கே உரியவை. அவற்றை மாற்ற இயலாது. பிறவற்றைத் தாக்குதல், நீதி, தலைமை, பாதுகாப்பு போன்ற வகைகளுள் ஒன்றிலிருந்தும், எவருக்கும் பொதுவான சீட்டுகளிலிருந்தும் தேர்ந்துகொள்ளலாம். பிறவியில் வந்த குணங்களும், நாமாகத் தேர்ந்துகொண்ட பழக்கங்களும் சேர்ந்தே மனிதனின் வாழ்வு அமைகிறது அன்றோ? இந்த விதி அதை நினைவூட்டுகிறது.

தேர்ந்தெடுப்பதில்தான் திறமை இருக்கிறது. தொடக்கநிலையினர் வலிமை மிக்க சீட்டுகளையெல்லாம் அள்ளிச் சேர்ப்பர். அனுபவம் மிக்கவரோ ஒன்றுக்கொன்று துணைநிற்கும் சீட்டுகளைத் தேடுவர். பிளாக் பாந்தரை எடுத்துக்கொள்வோம். அவருக்குரிய கருவிகள் நான்கு. 'வகாண்டா ஃபார்எவர்' என்னும் சீட்டை ஆடும்போது களத்தில் இருக்கும் அக்கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குகின்றன. வரிசையில் இறுதியாக இயங்குவது கூடுதல் வலிமையுடன் இயங்குகிறது. எதை இறுதியில் வைப்பது என்பது ஆடுபவரின் விருப்பம். தனித்து நின்றால் சிறிதே செய்யும் கருவி, மற்றவை முன்சென்று வழிவிட்டதால் பெரிதாகச் செய்கிறது. இதனையே கூட்டாற்றல் என்கிறோம்.

ஆனால் இந்தக் கூட்டாற்றலுக்கு ஒரு விலை உண்டு. விலையுள்ள ஒரு சீட்டைக் களத்தில் இறக்க வேண்டுமானால், கையிலிருக்கும் வேறு சீட்டுகளைக் கழித்தாக வேண்டும். 'அவெஞ்சர்ஸ் மாளிகை' என்றொரு பொதுச் சீட்டு உண்டு. அதன் விலை 4. கையிலுள்ள ஒரு சீட்டு பெரும்பாலும் ஓர் அளவு வளத்தையே தரும். ஐந்து சீட்டுகளைக் கையில் வைத்திருப்பவர் இதனை இறக்கினால் ஏறத்தாழ வெறுங்கையராகிவிடுவார். அந்தச் சுற்றில் அவரால் வேறு சீட்டுகளை இறக்கப் பெரும்பாலும் முடியாது. ஆயினும் அதன்பின் சுற்றுதோறும் அந்த மாளிகை ஒருவருக்கு ஒரு சீட்டை வழங்கிக்கொண்டிருக்கும். யாருக்கு? நாம் சுட்டும் எவருக்கும். நமக்கே எடுத்துக்கொள்ளலாம், அருகிருப்பவருக்கும் கொடுக்கலாம். விதி இரண்டையும் அனுமதிக்கிறது. விதி அனுமதிக்கும் இடத்தில்தான் அறத்தின் கேள்வி தொடங்குகிறது.

ஒரு மாலை நண்பர் மூவருடன் நாம் இந்த ஆட்டத்தில் அமர்ந்தோம். நம்முடையது அயன்மேன் கட்டு. வீர உருவில் அவரது கைக்கு அடிப்படையில் ஒரே சீட்டுதான். தொழில்நுட்பக் கருவி ஒவ்வொன்றைப் பொருத்தும்போதும் ஒரு சீட்டு கூடும். ஏழுவரை அவ்வாறு வளரலாம். டோனி ஸ்டார்க் என்னும் இயல்பு உருவிலோ ஆறு சீட்டுகள் கிடைக்கும். எனவே தொடக்கத்தில் இயல்பு உருவிலேயே தங்கிக் கருவிகளைச் சேர்ப்பது அறிவுடைமை. நாமும் அவ்வாறே செய்தோம். கருவிகள் ஒன்றோடொன்று பொருந்தப் பொருந்த நம் உள்ளம் பூரித்தது.

ஆனால் இயல்பு உருவில் இருப்பவரை எதிரி தாக்குவதில்லை. அதற்குப் பதிலாகத் தன் சூழ்ச்சியை வளர்க்கிறான். அந்தச் சூழ்ச்சியோ மேசையின் நடுவே, எல்லோருக்கும் பொதுவாக இருப்பது. நாம் நம்மை வளர்த்துக்கொண்ட ஒவ்வொரு சுற்றும் பொதுவில் ஒரு சுமையாக ஏறியது. நண்பர் இருவர் எதிரியின் அடியாட்களோடு போராடிக்கொண்டிருந்தனர். ஸ்பைடர்மேனை ஏற்றிருந்த மூன்றாமவரே அந்தச் சுமையை இறக்கிக்கொண்டிருந்தார். சூழ்ச்சியைத் தடுக்கும் அடிப்படைச் செயலை வீர உருவில்தான் செய்ய முடியும். காயம் ஆற்றும் ஓய்வை இயல்பு உருவில்தான் எடுக்க முடியும். நமக்காக அவர் வீர உருவிலேயே நின்றார், சுற்றுதோறும் அடிபட்டார். ஸ்பைடர்மேனின் உயிர்ப்புள்ளிகள் பத்து மட்டுமே. அவை தீர்ந்து அவர் வீழ்ந்தார்.

அதன்பின் நம் கட்டு முழுவலிமையுடன் இயங்கி எதிரியை வீழ்த்தியது. நம் கட்டமைப்பின் அழகை நண்பர்கள் பாராட்டினர். வீழ்ந்த நண்பர் புன்னகையுடன் ஒன்று சொன்னார்: "ஒரேயொரு சுற்று ஓய்வு கிடைத்திருந்தால் நானும் கடைசிவரை நின்றிருப்பேன்." அவர் குறை கூறவில்லை. ஆயினும் அந்தச் சொல் நம்மை உறுத்தியது. நம் நாற்பது சீட்டுகளுக்குள் அத்தனை ஒற்றுமையை உண்டாக்கிய நாம், நால்வர் அமர்ந்த மேசையில் அதனை உண்டாக்கத் தவறினோம். அவருடைய ஓய்வை எடுத்தே நம் வளர்ச்சியை அமைத்துக்கொண்டோம். அதை அறியவும் இல்லை.

இல்லங்களில் நடப்பதும் இதுதானே? ஒரு மகன் படித்து உயர்வதற்காக இன்னொருவர் படிப்பை விடுகிறார். ஒருவர் தம் தொழிலில் ஓங்கி நிற்க, வீட்டின் கவலைகளை மற்றொருவர் தனியே சுமக்கிறார். உயர்ந்தவர் தீயவர் அல்லர். தம் உயர்வு குடும்பத்திற்கே நன்மை என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கிறது. ஆனால் அவரது கணக்கில் ஒரு வரி விடுபட்டுப்போகிறது: இதற்காக ஓய்வை இழந்தவர் யார்?

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. கட்டு அமைப்பவர் பொருந்தாத சீட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவார். அது நல்ல சீட்டாகவே இருக்கலாம்; ஆயினும் இந்தக் கட்டுக்கு உதவவில்லை. ஆட்டத்தில் இது விவேகம், சீட்டுக்கு வலியில்லை. அதே கண்ணோடு மனிதரைப் பார்க்கத் தொடங்கினால் அது கொடுமை. நோயுற்ற முதியவர் எந்த வரிசையிலும் எதையும் பெருக்கித் தருவதில்லை. மெல்லக் கற்கும் குழந்தை எவருடைய திட்டத்திற்கும் வேகம் கூட்டுவதில்லை. அவர்களை எடுத்து வைக்க மனித வாழ்வில் பெட்டி இல்லை, இருக்கவும் கூடாது. பயன்படுவதால் ஒருவர் நம்மோடு இருப்பதில்லை. நம்மோடு இருப்பதாலேயே அவர் நம்மவர்.

அடுத்த முறை அதே கட்டுடன் அமர்ந்தபோது, நமக்கு இனிய சீட்டுகள் சிலவற்றை எடுத்துவிட்டு மாளிகைச் சீட்டைச் சேர்த்துக்கொண்டோம். நம் கருவிகள் முழுமை பெறச் சற்றுத் தாமதமாயிற்று. ஆனால் ஒரு சுற்றில், ஸ்பைடர்மேன் நண்பர் தம் சீட்டைத் திருப்பி, பீட்டர் பார்க்கராக ஓய்வெடுத்தார். அந்தச் சுற்றில் பொதுச்சுமையைக் குறைக்கும் முறை நம்முடையதாக இருந்தது.

நாம் ஒவ்வொருவரும் நமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டுதான் வாழ்கிறோம். அது எவ்வளவு அழகாக இயங்குகிறது என்று எண்ணி மகிழ்வதில் தவறில்லை. ஆயினும் நம் அருகில் அமர்ந்திருப்பவர் கடைசியாக எப்போது ஓய்வெடுத்தார் என்று இன்று கேட்டுப் பார்ப்போமா?