வெட்டியவரும் வெட்ட வைத்தவரும்

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் 1990 முதல் ஐரோப்பாவின் காட்டுப் பரப்பு கூடியிருக்கிறது. ஆப்பிரிக்காவோ 2010 முதல் 2020 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 39 லட்சம் ஹெக்டேரை நிகரமாக இழந்திருக்கிறது. இதைக் கொண்டு வசதியான நாடுகளுக்குப் புண்ணியமும் ஏழை நாடுகளுக்குப் பாவமும் எழுதிவிடலாமா என்பது அறவியல் கேள்வி.

முதலில் இடிப்பது கணக்குத் தொடங்கும் ஆண்டு. பிரிட்டன் தன் காடுகளை வெட்டித் தீர்த்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் நிலத்தில் சுமார் 5 சதவீதமே காடு. 1919இல் வனவியல் ஆணையம் அமைத்து நட்டு வளர்த்ததில் இன்று அது 13 சதவீதம். முன்பே வெட்டி முடித்தவர்க்கு ஏறுமுகமும், பிந்தி வெட்டத் தொடங்கியவர்க்கு இறங்குமுகமும் காட்டுகிற கணக்கு இது.

அடுத்தது, மரம் யாருக்காக விழுகிறது என்பது. கோவில்பட்டிச் சீமையில் காடென்று சொல்ல குருமலை போன்ற சில குன்றுகளே உண்டு. மற்றதெல்லாம் பருத்தியும் உளுந்தும் கம்பும் விளையும் மானாவாரிக் கரிசல். ஆனாலும் ஊரின் பெரிய தொழில்களில் ஒன்று தீப்பெட்டி. குச்சிக்கான மட்டி போன்ற மென்மரம் மலைக்கு அப்பால் கேரளத்திலிருந்து லாரியில் வருகிறது. மரம் வளராத ஊர் மரத்தால் பிழைப்பதில் தவறில்லை. அங்கே வெட்டிய மரம் கோவில்பட்டிக் கணக்கில் ஏறுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிரேசில் சோயாவும் இந்தோனேசியப் பாமாயிலும் உலக அளவில் இதே வழியில்தான் பயணம் செய்கின்றன.

இந்த வழக்குக்குப் பழைய தீர்ப்பொன்று அருகிலேயே இருக்கிறது. கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள கழுகுமலையில், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சமணர் பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசை வரிசையாகச் செதுக்கினர். அவற்றின் கீழே வட்டெழுத்தில் இருப்பவை, சிலைகளைச் செய்வித்தவர்களின் பெயர்கள். உளி பிடித்த சிற்பியின் பெயரைத் தேடிப் பயனில்லை. புண்ணியம் செய்வித்தவரைச் சேருமானால், பாவம் மட்டும் எப்படிச் சேராமல் போகும்? தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மூன்றையும் வினையாகவே எண்ணுவது சமண நெறி. தனக்கென்று கொன்றதைப் பிக்கு காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால் ஊன் ஏற்கலாம் என்றது பௌத்தம். அதைச் சமண நூலான நீலகேசி கடுமையாக மறுக்கிறது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் வாங்குபவனை விட்டுவிடவில்லை. தன் கடையில் பாமாயிலை விற்றுக்கொண்டே தன் காடு வளர்வதாகச் சொல்லும் நாடு, அந்தப் பிக்குவின் வாதத்தைத்தான் எடுக்கிறது. காடழித்து விளைந்த பொருளை விற்கத் தடை விதித்து 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், தாமதமானாலும், வாங்குபவரின் பங்கை ஒப்புக்கொள்கிறது. அது நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனது வேறு கதை.

எதைக் காடென்று எண்ணுவது என்பதும் சிக்கல்தான். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீத மர நிழல் இருந்தால் இந்தியக் கணக்கில் அது காட்டுப் பரப்பு. என்ன மரம் என்று கேட்பதில்லை. கண்மாய்க்குள் அடர்ந்து நிற்கும் சீமைக் கருவேலம்கூட அதில் சேரலாம். 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்ன மரம் அது! அதையே வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துத்தான் மழை பொய்த்த ஆண்டில் பல குடும்பங்கள் அடுப்பெரிக்கின்றன.

இவர்களையும் பாமாயில் விற்கும் நாட்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. செயலைச் சமன் செய்யும் சமணம் கடமையைச் சமன் செய்வதில்லை. துறவிக்கு முழு நோன்பான மாவிரதம், இல்லறத்தானுக்குச் சிறு நோன்பான அணுவிரதம். உழும்போது சாகும் உயிருக்கும் வேண்டுமென்று கொன்ற உயிருக்கும் வேறுபாடு உண்டு. அந்த அளவில், பிழைக்கக் காடு திருத்தும் குடியானவன்மேல் சிறு பங்கும், அதில் விளைந்ததை மிச்சம் மீதி வைத்து உண்ணும் தேசத்தின்மேல் பெரும் பங்கும் விழும். 1992 ரியோ மாநாட்டின் பிரகடனமும் பொறுப்பு எல்லோருக்கும் பொது, அளவு வேறு என்றுதான் வகுத்தது.