வந்திக் கிழவிக்கு வாய்த்த கூலியாள்

ஆவணி மூலம் என்றதும் மதுரைக்காரர்களுக்குப் புட்டுத் திருவிழாதான் நினைவுக்கு வரும். அன்று மீனாட்சியம்மனும் சொக்கநாதரும் புட்டுத்தோப்பு மண்டபத்துக்கு எழுந்தருள, புட்டுக்கு மண் சுமந்த லீலை அங்கே நடத்திக் காட்டப்படும்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் உத்தரவு. புட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கோ உற்றார் உறவினர் இல்லை. மண் சுமக்க உடம்பில் தெம்பும் இல்லை. 'சொக்கா!' என்று அவள் கலங்கி நிற்க, 'கூலிக்கு ஆள் வேண்டுமா?' என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றான் ஓர் இளைஞன்!

இந்தக் கதைக்கும் என் அம்மாவின் கண்ணீருக்கும் ஒரு தொடர்பு உண்டு சகோதரிகளே!

என் பாட்டிக்கு வயது 84. ஞாபக மறதி முற்றிவிட்டது. நள்ளிரவு 2 மணிக்கு எழுந்து, 'பால்காரன் வந்துட்டான்' என்று கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார். ஒரு நாள் கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து போனார். அவரைக் கவனித்துக்கொண்ட என் அம்மாவுக்கும் 60 வயது தாண்டிவிட்டது. மூட்டு வலி வேறு. பாட்டியைக் குளிப்பாட்டும்போது இருவரும் சேர்ந்தே வழுக்கி விழுந்த அன்றுதான், குடும்பமாக உட்கார்ந்து பேசினோம். இரவும் பகலும் நர்ஸ் இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பாட்டியைச் சேர்த்தோம்.

அதன் பிறகு, அம்மா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

'பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்த நான், எந்த முகத்தோட அம்பாளைப் பார்ப்பேன்?' என்றார். நான் வந்தியின் கதையைச் சொன்னேன். அம்மா விடவில்லை. 'வந்திக்கு யாருமே இல்லை. அதனால சாமி வந்தார். எங்கம்மாவுக்குத்தான் நான் இருக்கேனே?' என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். இறைவன் நினைத்திருந்தால் வந்திக்கு மகனாகவோ பேரனாகவோ வந்திருக்கலாம். கூலியாளாக அல்லவா வந்தான்! தன்னால் முடியாததை ஒப்புக்கொண்டு, அந்த வேலைக்கு ஆள் வைப்பது பாவம் என்றால், அந்த வேடத்தை அவன் ஏற்றிருப்பானா? முதுமையும் ஒரு வெள்ளம்தான். சில வீடுகளில் அது ஒருத்தியின் இரண்டு கைகளுக்கு அடங்குவதில்லை.

அதற்காக, பணத்தைக் கட்டிவிட்டால் கடமை தீர்ந்ததா? இல்லை. அதையும் இந்தக் கதையே சொல்கிறது.

அந்த இளைஞன் கேட்ட கூலி, உதிர்ந்த புட்டு. 'சும்மாவே செய்கிறேன்' என்று அவன் சொல்லவில்லை. கிழவியும் கொடுப்பவளாக இருக்கட்டும் என்று நினைத்தானோ, என்னவோ! நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அது வேண்டும். பூத்தொடுப்பது, கீரை ஆய்வது என்று கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். 'உங்க கையால விபூதி வைங்க' என்று நெற்றியை நீட்ட ஒருவர் வர வேண்டும்.

வேலை செய்யாமல் தூங்கிய கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடிக்க, அந்த அடி அத்தனை உயிர்களின் மீதும் விழுந்தது. ஆகவே, பெரியவருக்கு உதவும் ஆயாவையும் நர்ஸையும் மரியாதையாக நடத்துங்கள். உங்கள் சொல் அவர்கள் மேல் பட்டால், வலி பெரியவருக்கும் போய்ச் சேரும்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு முடிவெடுக்க நேர்ந்தால், முதலில் அவரிடமே மனம்விட்டுப் பேசுங்கள். 'ஊருக்குப் போறோம்' என்று பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். முடிந்தால் சில நாட்கள் தங்கவைத்துப் பாருங்கள். அரசுப் பதிவு உள்ளதா, இரவில் நர்ஸ் உண்டா, குளியலறையில் பிடிமானக் கம்பி உண்டா, ஏகாதசி, அமாவாசையில் அவர் வழக்கப்படி உணவு கிடைக்குமா என்று கேளுங்கள். சொல்லாமல் ஒரு நாள் போய், சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள். அவர் கும்பிடும் சுவாமி படமும் பழகிய போர்வையும் கூடவே போகட்டும்.

சேர்ப்பது வேறு, கைவிடுவது வேறு. பராமரிக்க வேண்டிய பெற்றோரைக் கைவிடுவது, 2007-ம் ஆண்டு சட்டப்படி 3 மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முதியோருக்கு உதவி தேவை என்றால் 14567 என்ற எண்ணை அழைக்கலாம்.

அம்மா வெள்ளிதோறும் மல்லிகை வாங்கிக்கொண்டு பாட்டியைப் பார்க்கப் போகிறார். சில நாள், 'யாரும்மா நீ?' என்றுதான் வரவேற்பு. ஒரு வெள்ளியன்று நானும் போயிருந்தேன். தன் கையிலிருந்த பிஸ்கட்டை உடைத்து, தலைவாரிவிட்ட நர்ஸ் பெண்ணிடம் பாதியை நீட்டினார் பாட்டி. 'நீ சாப்பிட்டியாடி?' என்று கேட்டார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று மாலை, வெகு நாளுக்குப் பிறகு அம்பாள் சந்நிதியில் விளக்கேற்றினார்.

உங்கள் மனதிலும் அந்தப் பாரம் இருக்கிறதா? சொக்கனிடம் இறக்கி வையுங்கள். மண் சுமந்தவன், அதையும் சுமப்பான். ஆனால், வெள்ளிக்கிழமை மறக்காமல் பெரியவரைப் பார்க்கப் போய்விடுங்கள்!