வீதியோரத் தீர்ப்பு

தலைக்கவசம் தலையில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். சிவப்பு விளக்கைத் தாண்டியதையும் அப்படியே. ஒருவர் கவனயீனமாக வாகனம் செலுத்தினார் என்பதோ பார்த்தவர் எடுக்கும் முடிவு. அந்த முடிவோடு தண்டனையையும் சேர்த்து ஒருவர் கையிலேயே கொடுக்கலாமா?

இங்கிலாந்தில் 2013 ஆகஸ்டில் கொடுத்துவிட்டார்கள். கவனயீனமான சாரதிக்குப் பொலிஸாரே 100 பவுண் தண்டம் விதிக்கலாம். ஏற்காதவர் நீதிமன்றம் செல்லலாம். இலங்கையிலும் சிறு குற்றங்களுக்குத் தண்டப்பத்திரம் தந்து, தபாலகத்தில் பணம் கட்டச் சொல்வது பழகிய முறை. கவனயீனக் குற்றச்சாட்டு மட்டும் வழமையாக நீதவான் முன் செல்கிறது. அதையும் வீதியிலேயே முடிக்கலாமே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வழக்குக்குப் போகும் நாளில் கூலித் தொழிலாளிக்கு வருமானம் இல்லை. தண்டனை தாமதித்தால் இன்னொரு பிள்ளை அடிபடவும் கூடும்.

இக்கேள்வி நமது சட்ட மரபுக்குப் புதிதன்று. 1058இல் மறைந்த அல்மாவர்தி, சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கும் காழிக்கும் இடையே எல்லை வகுத்தார். அளவைக் குறைப்பு, கலப்படம் போன்ற வெளிப்படையான தவறுகளில் முஹ்தஸிப் தலையிடலாம். குற்றஞ்சாட்டப்பட்டவர் மறுத்து, சாட்சியமும் விசாரணையும் தேவைப்பட்டால் அது காழியின் பணி.

அந்த எல்லையின் பெறுமதி யாழ்ப்பாணத்துக்குத் தெரியும். 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியருகே மோட்டார் சைக்கிளில் சென்ற பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். விபத்து என்றே முதலில் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரியவந்தது. பொலிஸார் ஐவர் கைதாயினர். தண்டப்பத்திரத்தையும் தோட்டாவையும் ஒரே தட்டில் வைப்பது முறையாகாது. ஆயினும் வீதியில் நடந்ததை ஒரு தரப்பு மட்டுமே சொன்னால் உண்மை எவ்வளவு எளிதில் புதையும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மறுக்கும் உரிமை சட்டத்தில் இருந்தால் போதுமா? தமிழ் சரளமாக அறியாத அதிகாரியிடம், வீதியோரத்தில் நின்று தன் தரப்பைச் சொல்ல முடியாத சாரதி பணத்தைக் கட்டிவிடுவார். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார். அந்தப் பற்றுச்சீட்டை ஒப்புதல் வாக்குமூலமாக வாசிப்பது அநீதி.

கண்ணுக்குத் தெரிந்த தவறுக்கு வீதியிலேயே தண்டம் போகட்டும். கவனயீனத்துக்கு அந்த அதிகாரத்தைத் தருவதானால், சாரதியின் மொழியிலேயே குற்றத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். மறுப்பவருக்கு நாளும் பணமும் நட்டமாகாமல் விசாரணை கிடைக்க வேண்டும். ஏழைக்கும் மறுப்பது சாத்தியமான பின்னர்தான் அவர் கட்டும் தண்டத்துக்குத் தண்டனை என்று பெயர்.