ஒரே ஆடி, ஊருக்கொரு முறை

ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்திலும் அதைச் சுற்றியுள்ள சேலத்து ஊர்களிலும் தேங்காய் சுடுவதோடுதான் ஆடி பிறக்கிறது. முற்றிய தேங்காயின் நாரைச் சுத்தமாக உரித்து, ஓட்டைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, வெல்லம், அவல், எள், பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு எல்லாவற்றையும் உள்ளே திணித்து, வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றுவார்கள். கூராகச் சீவிய அழிஞ்சிக் குச்சியை அந்தத் துளையில் செருகி, மஞ்சள் பூசி, தெருவில் மூட்டிய தீயில் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். ஓடு கருகி வெடிக்கும்போது உள்ளே பூரணம் வெந்திருக்கும். படையல் பிள்ளையாருக்கு, பிறகுதான் பிள்ளைகளுக்கு. நாமக்கல், ஈரோடு, தருமபுரி, கரூர் பக்கங்களிலும் இந்த வழக்கம் உண்டு.

இதற்கு மக்கள் சொல்லும் காரணம் பாரதப் போர். ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் போர் முடிந்தது என்றும், தர்மம் வெல்லப் பிள்ளையாரை வேண்டி முதல் நாளில் தேங்காய் சுட்டார்கள் என்றும் கதை. போர்க்களத்தில் கீதை பிறந்த நாளாக மார்கசீர்ஷ மாதத்து வளர்பிறை ஏகாதசியைக் கொள்ளும் மரபோடு இந்தக் கணக்கு ஒத்துப்போகாது. அதனால் தேங்காய் சுடுவது நின்றுவிடவில்லை. காரணக் கதை வழக்கத்துக்குத் துணையாக வருகிறதே தவிர, வழக்கத்தைத் தாங்கி நிற்பது கதை அல்ல.

காவிரிக் கரையில் ஆடியின் முகமே வேறு. தென்மேற்குப் பருவமழை குடகில் பெய்து, புதுவெள்ளம் கீழே இறங்கும் காலம் அது. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கங்களில் ஆடி பதினெட்டாம் நாளான பதினெட்டாம் பெருக்கன்று காவிரியைச் சூல்கொண்ட பெண்ணாகக் கண்டு, காதோலை, கருகமணி, மஞ்சள், வளையல் வைத்துப் படைப்பார்கள். புளிசாதம், எலுமிச்சைசாதம், தயிர்சாதம் என்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு படித்துறைக்குப் போவார்கள். புதுமணத் தம்பதியர் பத்திரப்படுத்தி வைத்திருந்த கல்யாண மாலையை அன்று ஆற்றில் விடுவார்கள். ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதரே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுக்கிறார்.

அதே நாளில் சேலத்து மக்கள் திரள்வது மேட்டூரில். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் அருகே காவிரியில் முழுகி, ஊர்த் தெய்வங்களின் வேல், கத்தி முதலியவற்றை ஆற்றில் கழுவி, அணைக்கட்டு முனியப்பனுக்குக் கிடாயும் கோழியும் கொடுப்பார்கள். நகரத்துக்குள் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டு, கம்பம் நடுதல், சக்தி அழைப்பு, பொங்கல் என்று ஆடித் திருவிழா நாள்கணக்கில் நடக்கும். குகைப் பகுதியில் தேவர் வேடமிட்டவர்கள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை தெருவையே அடைத்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஆடிப்பிறப்பு என்றால் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அதைக் குழந்தைப் பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார்.

சூரியன் கடகத்தில் நுழையும் நாள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அன்று பிறக்கும் ஆடியில் செய்வது மட்டும் இத்தனை விதமாக இருந்தால், இதை ஒரே பண்டிகை என்று எப்படிச் சொல்வது? ஒன்று சரி, மற்றது திரிபு என்றாகுமா? இது இக்காலத்துக் கேள்வி அல்ல. வேதவாக்கியங்களின் பொருளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் இதைத் தனி விவாதமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜைமினியின் சூத்திரங்களில் முதல் அத்தியாயத்து மூன்றாம் பாதத்தில் வரும் ஹோலாகாதிகரணம் அதுதான். ஹோலாகா என்னும் விழாவைக் கீழைநாட்டார் மட்டும் கொண்டாடுகிறார்கள். அப்படியானால் அதற்கு ஆதாரமாக ஊகிக்கப்படும் வேதவிதி அவர்களுக்கு மட்டுமானதா, எல்லாருக்குமா என்பது கேள்வி. எல்லாருக்கும்தான் என்று முடிவு செய்தார்கள். விதி திசை பார்த்துப் பிறப்பதில்லை என்பது அவர்கள் வாதம்.

வீட்டுச் சடங்குகளையும் ஒழுக்கத்தையும் வகுக்கும் கிருகிய, தர்ம சூத்திரங்கள் போகும் வழி வேறு. திருமணச் சடங்கைச் சொல்லத் தொடங்கும் இடத்தில் ஆசுவலாயனர், நாட்டு வழக்கமும் ஊர் வழக்கமும் பலவிதம், அவற்றைக் கைக்கொள்ள வேண்டும் என்கிறார். ஆபஸ்தம்ப தர்மசூத்திரம் தன் முடிவில், நூலில் சொல்லாமல் விட்ட தர்மங்களைப் பெண்களிடமும் எல்லா வர்ணத்தாரிடமும் கேட்டறியலாம் என்ற கருத்தைப் பதிவு செய்கிறது. தேங்காய்க்குள் எதை எவ்வளவு போடுவது என்பது எந்த நூலிலும் இல்லை. அது பாட்டிமார் கையில் இருக்கிறது. அந்த அறிவுக்குத் தர்மத்தில் இடம் உண்டு என்ற கருத்தை ஒரு சூத்திர நூலே பதிவு செய்திருப்பது சாதாரணச் செய்தி அல்ல.

நாட்டு வழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அடிவாரத்துக்கு மேலேயே சான்று இருக்கிறது. சேர்வராயன் மலையுச்சியில், 5,326 அடி உயரத்தில், ஒடுங்கிய இருட்டுக் குகைக்குள் சேர்வராயனோடு காவிரி அம்மன் இருக்கிறாள். ஆறோ மேற்கே வெகுதூரத்தில், மேட்டூர்ப் பக்கம் ஓடுகிறது. அவளைக் கும்பிடும் மலையாளிப் பழங்குடியினருக்குத் திருவிழா ஆடியில் இல்லை, மே மாதத்தில். படித்துறையும் புதுவெள்ளமும் மாலை விடுதலும் இங்கே கிடையாது. இதைப் பதினெட்டாம் பெருக்கின் குறைப்பட்ட வடிவம் என்று சொல்வது பிழை. மலைக்கு மேலே காவிரி, மலையோடு சேர்ந்த தெய்வம். கரையில் அவள் விளைச்சலைச் சுமந்து வரும் தாய்.

ஆனால் ஊர் வழக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் முடியாது. மேட்டூரில் நீர் இல்லாத ஆண்டுகளில் டெல்டாப் பெண்கள் அடிகுழாயடியில் படையல் வைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு பெருக்கைக் கொண்டாடியிருக்கிறார்கள். வெள்ளத்தால் பிறந்த சடங்கு வெள்ளம் இல்லாமலும் நடக்கிறது. ஊரைவிட்டுப் போனவரின் நிலையையும் ஹோலாகா விவாதம் கருதிப் பார்க்கிறது. கீழைநாட்டிலிருந்து வேறு நாட்டுக்குப் போய்க் குடியேறியவனுக்கும் அந்த விழா உண்டு. அதன்படி பார்த்தால், சேலத்தை விட்டுப் போய் எங்கோ ஒரு வாசலில் தீ மூட்டித் தேங்காய் சுடும் குடும்பம் அந்நிய மண்ணில் வழக்கத்தை மீறவில்லை. அங்கேயும் அது செய்யத்தக்கதே.