கெர்தாவின் ரோஜாப் பெட்டி

வண்டிப்பெரியார் கடைத்தெருவில் பிளாஸ்டிக் உறையோடு தொங்கும் நீலக் கவுன் பொம்மையை தேயிலை எஸ்டேட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. எல்சா. 'ஃப்ரோசன்' படத்துப் பனி ராணி. 2019-இல் இரண்டாம் பாகம் தமிழில் வந்தபோது அவளுக்குக் குரல் கொடுத்தவர் ஸ்ருதி ஹாசன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளையின் மொழியிலேயே அவள் பேசிவிட்டாள்.

இந்தக் கதையின் வேர் டென்மார்க்கில் இருக்கிறது. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844-இல் வெளியிட்ட 'பனி அரசி'யில் இளவரசிச் சகோதரிகள் கிடையாது. ஒட்டி நிற்கும் இரண்டு ஏழை வீடுகள், கூரைக்கடியில் ஆளுக்கொரு சின்ன அறை, அங்கே கெர்தா என்ற சிறுமியும் பக்கத்து வீட்டுப் பையனும். இரண்டு கூரைக்கும் நடுவே ஓடும் தண்ணீர்க் காலின் மேல் மரப்பெட்டியில் மண் நிரப்பி, சமையலுக்குக் கீரையும் ஒரு ரோஜாச் செடியும் வளர்க்கிறார்கள். பனி அரசியைப் பற்றிச் சொல்வது ஒரு பாட்டி. அந்த அரசி பையனைக் கொண்டுபோனதும் கெர்தா தேடிப் புறப்படுகிறாள். புதுச் சிவப்புச் செருப்பை ஆற்றுக்குக் கொடுக்கிறாள். கடைசியில் பனியில் வெறுங்காலோடு போய்ச் சேர்ந்து, தன் கண்ணீரால் அவன் நெஞ்சை உருக்குகிறாள். 2013-இல் வந்த படத்தில் அப்படித் தேடிப் போகிறவள் எல்சாவின் தங்கை, இளவரசி அன்னா. கூரைவீட்டுச் சிறுமி தன் கதையிலேயே இல்லை.

இது தவறா?

கதையை மாற்றுவது தவறாகாது. ஒரே கதையை ஊருக்கு ஊர் பாட்டிமார் வேறுவேறாகத்தான் சொல்கிறார்கள். கிரிம் சகோதரர்களே 1812 பதிப்பில் 'ஸ்னோ ஒயிட்' சிறுமியைக் கொல்லப் பார்த்த பெற்ற தாயை 1819-இல் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். 'ஃப்ரோசன்' செய்த மாற்றத்திலும் நல்லது உண்டு: கல்நெஞ்சுக்காரி ஒருத்தி, தன் சக்திக்குத் தானே அஞ்சும் பெண்ணாகிறாள், அவளைக் காப்பது தங்கையின் பாசம். நம் நாட்டில் எதிர்த்திசையிலும் நடந்தது. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் 2008-இல் அஸ்தினாபுரத்துப் பீமனின் பெயரையும் பலத்தையும் டோலக்பூர் என்ற கிராமத்துச் சிறுவனுக்குக் கொடுத்தது. 'சோட்டா பீம்' லட்டு தின்னும் சாதாரணப் பையன். அது பெரிய கொடை. ஆனால் அதே தொடரில் வம்புக்கு வந்து தோற்றுப்போகிறவனுக்குக் கறுப்பன் என்று பொருள்படும் 'காலியா' என்ற பெயர். கறுத்த பிள்ளை அதைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்ளும் என்று யோசித்திருக்க வேண்டும்.

பாட்டி சொல்லும்போது கதாநாயகியின் முகம் கேட்கிற பிள்ளையின் முகம். பொம்மை அதை ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது, விலையும் ஒட்டிவிடுகிறது. பிள்ளைகள் கேட்பதைத்தானே விற்கிறோம் என்பார்கள். காட்டியதைத்தான் பிள்ளை கேட்கிறது. அந்தப் பதில் நிற்காது. இன்னொரு பதில் கனமானது: கொழுந்துச் சாக்கையும் சாயம்போன கம்பளியையும் பார்த்தே வளரும் பிள்ளைக்குக் கற்பனையிலாவது அரண்மனை வேண்டாமா? வேண்டும். அந்த ஆசையைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. நீலக் கவுன் பொம்மைக்காக ஒரு தாய் கூலியில் மிச்சம் பிடிப்பதும் அன்புதான். ஆனால் கெர்தா வறுமையின் காட்சிப் பொருளாக அந்தக் கதையில் இருக்கவில்லை. அவள்தான் அதன் தைரியம். அந்தத் தைரியத்தைக் கூரைவீட்டிலிருந்து எடுத்து அரண்மனைக்குக் கொடுத்துவிட்டு, அதே பொம்மையைக் கூரைவீட்டுப் பிள்ளையிடம் விற்பதில்தான் அநியாயம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அந்தத் தைரியம் தன்னுடையது என்றே தெரியாது.

ஆண்டர்சன் செருப்புத் தைப்பவரின் மகன். தாய் பிறர் துணி வெளுத்தவர். கதையில் வரும் பெட்டி, அவருடைய தாய் கூரைத் தண்ணீர்க் காலில் வைத்திருந்த கீரைப் பெட்டிதான். லயத்து வாசல்களில் உடைந்த வாளியிலும் பழைய பெயின்ட் டப்பாவிலும் ரோஜா வளர்க்கிறார்கள். கெர்தாவை ஒருமுறை காட்டியிருந்தால், அந்த வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் சிறுமி அவளை உடனே அடையாளம் கண்டிருப்பாள்.