பார்க்கும் உரிமையும் காக்கும் கடமையும்



“வீடு என்னுடையது. காமிரா என் பணத்தில் வாங்கியது. என் வீட்டுக்குள் நடப்பதை நான் பார்ப்பதில் பாவம் என்ன இருக்கிறது?” இப்படிக் கேட்கும் குடும்பத் தலைவர்கள் இக்காலத்தில் பலர். கேள்வி எளியதாகத் தோன்றுகிறது. விடை அவ்வளவு எளியதன்று. பத்துக் கற்பனைகளில் காமிராவைப் பற்றி ஒன்றுமில்லை என்பது உண்மையே. ஆயினும் பெற்றோரைச் சங்கிக்கச் சொல்லும் நாலாம் கற்பனையும், கற்பைக் காக்கச் சொல்லும் ஆறாம் கற்பனையும், பிறர் உடைமையைக் கவர வேண்டாம் என்னும் ஏழாம் கற்பனையும் இச்சிறு கருவிக்கு முன்னால் வந்து நிற்கின்றன. ஆகையால் இதைச் சற்று ஆராய்வது நமது ஆத்தும நன்மைக்கு உதவும்.

முதலாவது, இக்கருவிகளை வாங்கும் குடும்பங்களின் நிலைமையை நாம் அறிவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றிலுமுள்ள ஆலைகளிலும் நம்மவர் ஷிப்டு முறையில் உழைக்கிறார்கள். கணவன் இரவு ஷிப்டு, மனைவி பகல் ஷிப்டு என்ற வீடுகள் உண்டு. விடியுமுன் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், இருட்டிய பின் திரும்புவோரும் உண்டு. மகன் வளைகுடா நாட்டிலிருக்க, தாயார் மட்டும் பொன்னேரியிலோ பழவேற்காட்டிலோ தனித்திருக்கும் வீடுகளும் உண்டு. எனவே வாசலில் ஒரு காமிரா, கூடத்தில் ஒரு காமிரா, செல்போனால் திறக்கும் பூட்டு, சொன்ன மாத்திரத்தில் விளக்கை ஏற்றிப் பாட்டும் வைக்கும் பேசும் பெட்டி என்று ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. இவை தம்மிலே தீயவை அல்ல. இரவு ஷிப்டிலிருக்கும் தகப்பன் இடைவேளையில் வாசற்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்து மனம் ஆறினால் அது நன்மையே. வயதான தாய் வழுக்கி விழுந்ததை உடனே கண்டு அயலாரைக் கூப்பிட முடிந்தால் அது பெரிய நன்மை.

ஆனால் கருவி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் அறிந்தால்தான் நம் பொறுப்பின் அளவு விளங்கும். காமிரா பார்ப்பதெல்லாம் டி.வி.ஆர். என்ற பெட்டியில் பதிவாகிறது. அதிலுள்ள வட்டு நிரம்பினால், பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளும். அதுவரையில் பல நாட்களின் குடும்ப வாழ்க்கை அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. இணையத்தோடு அதை இணைத்துவிட்டால், பாஸ்வேர்டு தெரிந்த எவரும் எந்தத் தேசத்திலிருந்தும் அதைப் பார்க்கலாம். பல காமிராக்களில் மைக்கும் உண்டு; அவை பேச்சையும் பிடித்துக்கொள்ளும். பேசும் பெட்டியோ தன் பெயர் சொல்லப்படுகிறதா என்று எந்நேரமும் காது கொடுத்துக் காத்திருந்து, பெயர் கேட்டதும் அடுத்து வரும் சொற்களைக் கம்பெனியின் கணினிகளுக்கு அனுப்புகிறது. அப்படிப் போன பதிவுகளில் சிலவற்றைத் தங்கள் ஆட்களைக் கொண்டு கேட்கச் செய்ததாக அமேசான், கூகிள், ஆப்பிள் ஆகிய பெரிய கம்பெனிகளைப் பற்றி 2019-ல் செய்தி வெளியாயிற்று. சுவருக்கும் காது உண்டு என்று நம் முன்னோர் சொன்னது இப்போது எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது.

இனிக் கேள்விக்கு வருவோம். ஒருவரைப் பார்க்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வருகிறது? வீட்டுப் பத்திரம் என் பெயரில் இருப்பதிலிருந்தா? இல்லை. சுவரும் கூரையும் எனக்குச் சொந்தம். அவற்றுக்குள் வாழும் மனிதர் எனக்குச் சொந்தமல்லர். அவர்கள் சர்வேசுரனுடைய சாயலாகப் படைக்கப்பட்டவர்கள். அவர்களைக் காக்கும் கடமை எனக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவுக்கே அவர்களைப் பார்க்கும் உரிமையும் உண்டு. கடமை முடியும் இடத்தில் உரிமையும் முடிகிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தாய் இரவெல்லாம் கண்கொட்டாமல் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அதே பிள்ளைக்குப் பதினாறு வயதாகும்போது, அறைக்குள் இருக்கும் அவனை அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது காவலாகாது.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லப்படும். “சர்வேசுரன் எல்லாவற்றையும் காண்கிறார் என்று ஞானோபதேசத்தில் படித்தோமே! குற்றமில்லாதவன் காமிராவுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?” என்பார்கள். சர்வேசுரன் காண்கிறார் என்பது சத்தியம். ஆனால் அவர் எப்படிக் காண்கிறார்? பாவத்தில் விழுந்த ஆதாமையும் ஏவாளையும் அவர் கண்டார். கண்டபின் அவர்களுடைய நிர்வாணத்தை மூடத் தோலாடை செய்து உடுத்தினார். கண்டதை மூடியவர் அவர். நோவே மதுமயக்கத்தில் ஆடை விலகிக் கிடந்ததையும் நினைத்துப் பாருங்கள். ஒரு மகன் அதைக் கண்டு வெளியே போய்ச் சொன்னான். மற்ற இரு மக்களோ முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்புறமாக நடந்து வந்து, தகப்பனைப் போர்வையால் மூடினார்கள். மூவரும் அந்த வீட்டுப் பிள்ளைகளே. ஆயினும் ஆசீர்வாதம் மூடினவர்களுக்குக் கிடைத்தது. சர்வேசுரனைப் போல் எல்லாவற்றையும் காண ஆசைப்படுகிறவன், அவரைப் போல் மூடவும் இரங்கவும் முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

இந்த அளவுகோலைக் கொண்டு சில காரியங்களை நிதானித்துப் பார்ப்போம்.

வாசற் காமிரா நம் வாசலைப் பார்க்கட்டும். எதிர்வீட்டுக் குளியலறை ஜன்னலையும், பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்தும் பெண்களையும் காக்கும் கடமையை நமக்கு யாரும் கொடுக்கவில்லை. காமிராவைச் சற்றே திருப்பி வைக்க ஐந்து நிமிஷம் போதும்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். நகை இருக்கும் பீரோவுக்கு நேரே காமிரா வைத்து, “இங்கே காமிரா இருக்கிறது” என்று அவளிடம் சொல்லிவிட்டால் அதில் அநியாயமில்லை. சொல்லாமல் அடுக்களையில் ஒளித்து வைத்து, அவள் தன் புருஷனோடு போனில் பேசுவதையும், பசித்து ஒரு வாய் சோறு எடுத்து உண்பதையும் பார்த்துக்கொண்டிருப்பது அநியாயம். திருட்டைத் தடுக்கவே காமிரா வைக்கிறோம் என்றால், தெரிந்த காமிராவே ஒளித்த காமிராவைவிட நன்றாகத் தடுக்குமல்லவா? ஒளித்து வைக்கிறவன் திருட்டைத் தடுப்பதைவிட ஆளைப் பிடிக்கவே ஆசைப்படுகிறான். வடமாநிலத்திலிருந்து இங்கே ஆலை வேலைக்கு வந்து நம்மிடம் வாடகைக்குக் குடியிருப்போருக்கும் இந்த நியாயமே பொருந்தும். வாடகை வாங்கியபின் அந்த அறை அவர்களுடைய வீடு.

மருமகள் விஷயம் இன்னும் நுட்பமானது. கூடத்துக் காமிராவின் மைக் வழியாக அவள் தன் தாயிடம் பேசுவதைக் கேட்டு, மாலையில் அதையே குத்திக்காட்டும் மாமியார், குடும்பத்தைக் காக்கவில்லை; குடும்பத்தைப் பிரிக்கிறார். அந்த வீட்டில் அடுத்த நாளிலிருந்து யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது முதிய பெற்றோரின் காரியம். இங்கே காக்கும் கடமை பெரிது. ஆகையால் பார்க்கும் உரிமையும் உண்டு. ஆனால் அந்தத் தாயைக் கேட்டீர்களா? படுக்கை வரைக்கும் காமிரா தேவையா, கூடத்தோடு நிற்கலாமா என்று அவளே சொல்லட்டும். உடை மாற்றும்போதும், அழுது ஜெபிக்கும்போதும் அதை மூடிக்கொள்ள ஒரு துணித்துண்டு அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். “அம்மா மூடிவிட்டாளே” என்று கோபிக்க வேண்டாம். அரைமணி கழித்துப் போன் செய்து பேசுங்கள். வேறோர் ஆபத்தும் உண்டு. தாய் நடமாடுவதை நாளும் பத்துத் தடவை செல்போனில் பார்த்துவிடுவதால், அவளோடு பேசவேண்டிய கடமை தீர்ந்துவிட்டதாக மகனுக்குத் தோன்றும். அவன் அவளைப் பார்க்கிறான். அவளோ அவனைப் பார்க்கவில்லை, அவன் குரலையும் கேட்கவில்லை. நாலாம் கற்பனை பெற்றோரைச் சங்கிக்கச் சொல்லுகிறது. சங்கிப்பதற்கு அவர்கள் முகமும் நம் முகமும் வேண்டும்.

இனி, இக்கருவிகளை வீடு வீடாகப் பொருத்தும் தொழிலைச் செய்யும் நம் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.டி.ஐ. படித்து, ஏணியும் டிரில்லிங் மிஷினும் வயர்ச் சுருளுமாக மோட்டார் சைக்கிளில் போகும் நீங்கள் கௌரவமான தொழிலைச் செய்கிறீர்கள். இரகசியம் மூவகை என்று வேதசாஸ்திரிகள் கற்பிக்கிறார்கள். வெளியிட்டால் பிறர் மனமோ மானமோ புண்படும் என்பதனாலேயே காக்க வேண்டியது ஒன்று. வாக்குக் கொடுத்ததனால் காக்க வேண்டியது இரண்டாவது. நம் தொழிலை நம்பி ஒப்படைக்கப்பட்டது மூன்றாவது. வைத்தியரும் வக்கீலும் அறியும் இரகசியம் மூன்றாவது வகை. அதன் கடமை மிகப் பாரமானது. படுக்கையறை எது, பீரோ எங்கே, பாஸ்வேர்டு என்ன என்று அறிந்த நீங்களும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டீர்கள்.

தானியேல் ஆகமத்தில் சூசன்னாவின் சரித்திரத்தைக் கேட்டிருப்பீர்கள். அவளை ஒளிந்திருந்து பார்த்தவர்கள் சுவரேறிக் குதித்த கள்வரல்லர். நியாயாதிபதிகள் என்ற மரியாதையால் அவள் கணவன் வீட்டில் தாராளமாக வந்துபோன இரு முதியவர்கள். நம்பிக்கை திறந்துவிட்ட கதவின் வழியாகவே அந்தப் பாவம் உள்ளே வந்தது. நம் காலத்திலும் அப்படியே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஏ.டி.டி. என்ற காவல்கருவிக் கம்பெனியில் வேலை செய்த ஒருவர் 2021 ஜனவரியில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கருவியைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லியும் சொல்லாமலும், வீட்டாரின் கணக்கில் தம் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்துக்கொண்டு, நாலரை ஆண்டுகளில் சுமார் 200 வீடுகளின் காமிராக்களை 9,600 தடவைக்கு மேல் திறந்து பார்த்திருந்தார். அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. நம் தேசத்திலும் 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் காமிராப் பதிவுகள் திருடப்பட்டு, பெண்களை வைத்தியர்கள் பரிசோதிக்கும் காட்சிகள் இணையத்தில் விலைபேசப்பட்டன. ஏழாம் கற்பனையை மீறியவன் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். பரவிப்போன படத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

ஆகையால், வேலை முடிந்தவுடன் முதன்மைக் கணக்கை வீட்டுக்காரர் பெயரிலேயே திறந்து, உங்கள் செல்போனிலிருந்து அதை அவர் கண்முன் நீக்கிவிடுங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி, அவர் புதியதை அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். மாற்றிக்கொடுத்த பழைய வட்டை அழிக்காமல் இன்னொருவருக்கு விற்க வேண்டாம். காமிராவை ஒளித்து வைக்கச் சொன்னால், யாரைப் பார்க்க என்று கேளுங்கள். அநியாயம் என்று தெரிந்தால் அந்தக் கூலி வேண்டாம்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனமாகத் தீர்ப்பளித்தார்கள். ஒருவருடைய அந்தரங்க அங்கங்களைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் தண்டனைக்குரியது. ஆனால் 2023-ல் நிறைவேறிய தகவல் பாதுகாப்புச் சட்டம், தனி மனிதர் தம் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவல்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அது நியாயமே, ஒவ்வொரு குடும்பத்தின் கூடத்திலும் சர்க்கார் வந்து உட்கார முடியாது. அந்தச் சட்டம் வாசற்படியில் நின்றுவிடுகிறது. வாசற்படிக்கு உள்ளே மனச்சாட்சிதான் காவல்.

இந்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும், உங்கள் காமிராவை யார் யார் பார்க்க முடிகிறது என்று செல்போனில் பாருங்கள். தேவையற்ற பெயர்களை நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். வீட்டிலுள்ளவர்களையும் வேலைக்கு வருகிறவர்களையும் அழைத்து, எது எங்கே இருக்கிறது, எதைப் பதிவு செய்கிறது என்று சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் “இது வேண்டாம்” என்றால் கோபமின்றிக் கேளுங்கள்.

நமது ஆண்டவர் சேசுநாதர் நசரேத்தூரில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த வீட்டுக்குள் நடந்ததைப் பற்றிச் சுவிசேஷங்கள் மிகக் கொஞ்சமே சொல்லுகின்றன. தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் அவரோடு பேசியதில் பெரும்பகுதி உலகத்துக்குத் தெரியாது. மனுமக்களை மீட்க வந்தவரே தமது வீட்டு வாழ்க்கையை மறைவாக வைத்திருக்கச் சித்தமானார். நம் வீடுகளிலும் அந்த மறைவுக்கு இடமிருக்கும்படி திருக்குடும்பம் நமக்காக மன்றாடுவதாக.

சேசுநாதரில் உங்கள் அன்புள்ள,
பங்குக் குரு